நூறு ஆண்டுப் பள்ளியா, புதுப் பள்ளியா? ஷெப்பர்டன் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஷெப்பர்டன் என்னும் ஊரில் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டும். அங்கே நூறு ஆண்டைத் தாண்டிய அரசு உயர்நிலைப் பள்ளி இருப்பதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். தேடிப் பார்த்தால் ஷெப்பர்டன் உயர்நிலைப் பள்ளி என்ற பெயரில் இன்று பள்ளியே இல்லை. 2020-இல் தொடங்கிய வேறொரு பள்ளிதான் கண்ணில் படுகிறது. எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியின் வயதைத் தெரிந்துகொள்வது மட்டும் உங்கள் நோக்கமாக இருக்காது. அனுபவமுள்ள பள்ளியிடம் பிள்ளையை ஒப்படைக்கிறோமா, அல்லது இப்போதுதான் தட்டுத்தடுமாறி எழுந்து நிற்கும் பள்ளியிடமா என்ற கவலையே கேள்விக்குள் இருக்கிறது. எனவே இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. விக்டோரியாவின் உட்பகுதி ஊர்களில், இரண்டு அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியலும் கணிதமும் கற்பித்தவன் நான். ஷெப்பர்டனில் பாடம் எடுத்ததில்லை. ஆகவே அந்தப் பள்ளியின் வகுப்பறைக்குள் நேற்று என்ன நடந்தது என்பதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அதன் வரலாறு, நான் பணிபுரிந்த பள்ளிகளின் வரலாற்றோடு ஒரே அச்சில் வார்த்தது. அந்த அச்சை நன்றாக அறிவேன்.

சுருக்கமான பதில், இரண்டுமே உண்மை. ஷெப்பர்டனில் 1909-இல் அரசு உயர்நிலைக் கல்வி தொடங்கியது. அந்தப் பள்ளியும், சுற்றியிருந்த மூன்று அரசுப் பள்ளிகளும் 2020-இல் சட்டப்படி ஒன்றாகி, கிரேட்டர் ஷெப்பர்டன் செகண்டரி காலேஜ் என்ற ஒரே பள்ளியாயின. பழைய பள்ளி மூடப்பட்டது என்று சொன்னாலும் சரி, புதிய பெயரில் தொடர்கிறது என்று சொன்னாலும் சரி, ஊரில் உங்களை மறுத்துப் பேச ஆள் இருப்பார்கள். (இங்கே காலேஜ் என்றால் கல்லூரி என்று எண்ணிவிடாதீர்கள், ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை உள்ள பள்ளிதான். அதேபோல பப்ளிக் ஸ்கூல் என்ற சொல் நம் ஊரில் பெரும்பாலும் தனியார் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் இருக்கும். இங்கே பெரும்பாலோர் அரசுப் பள்ளி என்ற பொருளில் சொல்கிறார்கள்.)

1909-இல் திறந்தபோது அதன் பெயர் ஷெப்பர்டன் வேளாண் உயர்நிலைப் பள்ளி. இந்த ‘வேளாண்’ என்ற அடைமொழியில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. விக்டோரியாவில் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் மதச் சார்பற்றதாகவும் ஆக்கியது. அதற்கு மேல் படிக்க வைப்பது அரசின் வேலை இல்லை என்ற எண்ணம் அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் 1880-இல் சட்டம் இயற்றி, 1883-இலேயே சிட்னியிலும் சில உட்பகுதி ஊர்களிலும் அரசு உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்துவிட்டது. விக்டோரியாவிலோ உயர்நிலைக் கல்வி தேவாலயங்கள் நடத்திய பள்ளிகளின் கையிலும் தனியார் கையிலும் இருந்தது. கட்டணம் கட்ட முடிந்தவர் படித்தார். மற்றவர்கள் எட்டாம் வகுப்போடு மெரிட் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

1902-இல் கல்வித் துறையின் இயக்குநராக வந்த ஃபிராங்க் டேட் இந்த நிலையை மாற்ற நினைத்தார். ஆனால் அரசு உயர்நிலைப் பள்ளி என்று வெளிப்படையாகப் பெயர் சொன்னால் தனியார் பள்ளிகளும், அவற்றின் ஆதரவாளர்கள் நிறைந்த சட்ட மேலவையும் எதிர்க்கும். அதனால் மெல்பனில் 1905-இல் திறந்த முதல் பள்ளிக்குத் ‘தொடர்நிலைப் பள்ளி’ என்று பெயர். வருங்கால ஆசிரியர்களைத் தயார்ப்படுத்தவே அது என்பது வெளியே சொன்ன காரணம். உட்பகுதி ஊர்களுக்கு வேறொரு கேடயம் வேண்டியிருந்தது. 1907-இல் சேல், வார்னம்பூல் ஆகிய ஊர்களில் வேளாண் உயர்நிலைப் பள்ளிகள் திறந்தன. விவசாயத்தை வளர்க்கும் பள்ளியை எந்த அரசியல்வாதி எதிர்ப்பார்? ஊராரும் தங்கள் பங்குக்கு நிலமும் பணமும் திரட்டித் தந்தார்கள். ஷெப்பர்டன் அந்த வரிசையில் வந்தது. 1910-இல் புதிய கல்விச் சட்டம் நிறைவேறிய பிறகுதான் அரசு உயர்நிலைப் பள்ளிகள் முறையான சட்ட அடித்தளம் பெற்றன. அதாவது ஷெப்பர்டன் பள்ளி, தனக்கு இடம் தரும் சட்டத்துக்கே ஓராண்டு மூத்தது.

இதுவரை சொன்னவற்றை உறுதியாகச் சொல்லலாம். அடுத்தது என் கணிப்பு, ஆனால் வெறும் ஊகம் இல்லை. ‘வேளாண்’ என்பது பெரும்பாலும் பெயரளவில் நின்றது. ஷெப்பர்டனுக்கு முப்பது கிலோமீட்டர் தூரத்தில் டூக்கி என்ற இடத்தில் 1886 முதலே வேளாண் கல்லூரி ஒன்று இருந்தது. மண்ணையும் உரத்தையும் முறையாகப் படிக்க விரும்பியவனுக்கு அங்கே வழி இருந்தது. ஊரார் நிலம் கொடுத்துக் கேட்டது வேறு: தங்கள் பிள்ளைகள் வங்கி எழுத்தராக, ஆசிரியையாக, முடிந்தால் பல்கலைக்கழக மாணவராக ஆகும் வழி. மாநிலம் முழுவதும் இந்தப் பள்ளிகளில் விவசாயப் பாடத்தைவிட லத்தீனும் அல்ஜீப்ராவும் நடத்திய வகுப்புகளில்தான் கூட்டம் சேர்ந்தது. சில ஆண்டுகளில் அடைமொழி உதிர்ந்து, வெறும் உயர்நிலைப் பள்ளி என்ற பெயர் நிலைத்தது. நான் முதலில் வேலை பார்த்த பள்ளியும் இப்படி வேளாண் பள்ளியாகத் தொடங்கியதுதான். பால் கறக்கும் கொட்டகையாக இருந்த செங்கல் கட்டடத்தில் நாங்கள் சைக்கிள்களை நிறுத்துவோம். அதன் தரையில் சாணம் கழுவிய நீர் ஓடுவதற்கு வெட்டிய வாய்க்கால் அப்படியே இருந்தது. புதிதாக வரும் பிள்ளைகளின் சைக்கிள் சக்கரம் அதில் சிக்கிக்கொள்ளும்.

ஷெப்பர்டனைப் பற்றிப் பேசும்போது நான் நின்று சொல்ல விரும்பும் பகுதி ஒன்று உண்டு. பள்ளி ஆண்டு மலர்களில் பொதுவாக இது இருக்காது. ஊர் இருப்பது யோர்ட்டா யோர்ட்டா என்னும் பழங்குடி மக்களின் நிலம். அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய எழுபது கிலோமீட்டரில், மர்ரே ஆற்றின் அக்கரையில், நியூ சவுத் வேல்ஸ் பக்கம், கம்மரகஞ்சா என்ற பழங்குடியினர் குடியிருப்பு இருந்தது. அதன் ஆசிரியர் தாமஸ் ஷத்ராக் ஜேம்ஸ். 1859-இல் மொரீசியஸில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். முதலில் மலோகா என்ற இடத்தில் இருந்த கிறித்தவ மிஷன் பள்ளியிலும், பிறகு கம்மரகஞ்சாவிலுமாக ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தார். யோர்ட்டா யோர்ட்டா பெண்ணை மணந்து அந்தச் சமூகத்திலேயே ஒருவரானார். பின்னாளில் பழங்குடியினர் உரிமைக்காகப் போராடிய வில்லியம் கூப்பர் அவருடைய மைத்துனர். அந்தப் பள்ளியில் படித்த டக் நிகோல்ஸ் 1976-இல் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பழங்குடியினர் அவர்தான். இந்திய வேர் கொண்ட ஓர் ஆசிரியரின் வகுப்பறையிலிருந்து ஒரு தலைமுறைத் தலைவர்களே எழுந்திருக்கிறார்கள் என்பது இங்கே வந்து குடியேறும் நம்மவர் பலருக்குத் தெரியாது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படிப்பட்ட ஆசிரியரிடம் தேறிய பிள்ளைகளுக்கு, 1909-இல் திறந்த உயர்நிலைப் பள்ளி நடைமுறையில் எட்டாக் கனியாகவே இருந்தது. தூரம், மாநில எல்லை, கட்டணம், அவர்களைக் கட்டுப்படுத்திய அரசு வாரியம் ஆகியவை எல்லாம் குறுக்கே நின்றன. டக் நிகோல்ஸும் சிறு வயதிலேயே படிப்பை விட்டுச் செம்மறியாட்டுப் பண்ணைகளில் வேலைக்குப் போனவர். 1939 பிப்ரவரியில் கம்மரகஞ்சா மக்கள் நிர்வாகத்தின் கொடுமை தாங்காமல் பெருந்திரளாக வெளியேறி, ஆற்றைக் கடந்து விக்டோரியாவுக்கு வந்தார்கள். அவர்களில் பல குடும்பங்கள் ஷெப்பர்டனுக்கும் பக்கத்து ஊரான மூரூப்னாவுக்கும் நடுவே உள்ள ஆற்றுத் தாழ்நிலத்தில், தகரமும் சாக்கும் கொண்டு குடிசை போட்டு வாழ்ந்தன. ஊரார் அந்த இடத்தை ஃபிளாட்ஸ் என்பார்கள். 1954-இல் எலிசபெத் அரசி அந்த வழியாகப் போனபோது குடிசைகள் கண்ணில் படாதபடி சாலையோரம் சாக்குத்துணி கட்டி மறைத்த நிகழ்ச்சியை அந்தக் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. ஒரு நகரத்தின் பள்ளி வரலாற்றை எழுதுகிறவர், அந்தச் சாக்குத்துணிக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்று கேட்காமல் எழுதினால் அது பாதி வரலாறுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். கோல்பர்ன் ஆற்றுப் பாசனம், பீச்சும் பேரிக்காயும் விளையும் தோட்டங்கள், 1917-இல் தொடங்கிய எஸ்பிசி பழப் பதப்படுத்தும் ஆலை என்று ஊர் வளர்ந்தது. இத்தாலியர்களும் அல்பேனியர்களும் முன்பே வந்திருந்தார்கள். பிறகு இன்னும் பலர் வந்தார்கள். விக்டோரியாவின் முதல் பள்ளிவாசல் மெல்பனில் இல்லை. 1960 வாக்கில் ஷெப்பர்டனில் அல்பேனியர்கள் கட்டியது அது. பிற்பாடு ஈராக், ஆப்கானிஸ்தான், பஞ்சாப் என்று பல இடங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பள்ளியை விட்டு நிற்கும் வயதைப் பதினைந்தாக உயர்த்த 1943-இலேயே சட்டம் வந்தும், அது நடைமுறைக்கு வர 1964 ஆயிற்று. அவ்வளவு பிள்ளைகளுக்குக் கட்டடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. மாநிலம் முழுவதும் மரச்சட்டமும் நீண்ட நடைவழியும் அகன்ற கண்ணாடி ஜன்னலுமாக ஒரே வரைபடத்தில் பள்ளிகளைக் கட்டிக் குவித்தார்கள். பிப்ரவரியில் நாற்பது டிகிரி வெயிலில், மேற்குப் பார்த்த அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து கணிதத் தேர்வு எழுதிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வியர்வையில் தாள் முழங்கையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இன்னொரு பிரிவும் இருந்தது. விக்டோரியாவில் உயர்நிலைப் பள்ளி வேறு, தொழில்நுட்பப் பள்ளி வேறு. பன்னிரண்டு வயதிலேயே பிள்ளை புத்தகத்தின் பக்கமா, பட்டறையின் பக்கமா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. 1980-களின் இறுதியில் இந்தப் பிரிவினையை நீக்கினார்கள். அப்போதுதான் பெரும்பாலான பள்ளிகள் செகண்டரி காலேஜ் என்று பெயர் மாற்றிக்கொண்டன. ஷெப்பர்டன் பள்ளி உயர்நிலைப் பள்ளி என்ற பழைய பெயரைக் கடைசிவரை விடவில்லை. அந்தப் பெயரின்மேல் ஊருக்கு இருந்த பற்றுக்கு அதுவே சாட்சி.

இனி 2020. ஷெப்பர்டன் உயர்நிலைப் பள்ளி, மெக்வயர் காலேஜ், வாங்கனூய் பார்க் செகண்டரி காலேஜ், மூரூப்னா செகண்டரி காலேஜ் ஆகிய நான்கும் இணைந்தன. ஹாடன் தெருவில் ஷெப்பர்டன் உயர்நிலைப் பள்ளி இருந்த இடத்தில் புதிய வளாகம் எழும் வரை, மற்ற மூன்று வளாகங்களிலும் வகுப்புகள் நடந்தன. முதல் ஆண்டே பெருந்தொற்று வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது. 2022-இல் புதிய வளாகம் திறந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான இடம் என்பதால், கூட்டத்தில் எவரும் தொலைந்துவிடாதபடி ஒன்பது இல்லங்களாக, அதாவது ஹவுஸ் எனப்படும் மாணவர் பிரிவுகளாகப் பிரித்து அமைத்திருக்கிறார்கள்.

இந்த இணைப்பு சரியா என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. பெற்றோர் பலர், பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விட்டது, இவ்வளவு பெரிய பள்ளியில் பிள்ளையை யார் கவனிப்பார் என்று கேட்டார்கள். திட்டத்தை ஆதரித்த சுயேச்சைச் சட்டமன்ற உறுப்பினர் சுசானா ஷீட் 2022 தேர்தலில் தோற்றார். அந்தத் தேர்தலில் பள்ளியும் ஒரு பேச்சாக இருந்தது. பழைய மாணவர்களின் வருத்தம் நியாயமானது. தாத்தாவும் அப்பாவும் படித்த பள்ளியின் பெயர் ஒரு நாள் காலையில் இல்லாமல் போவது சின்ன இழப்பு அன்று.

ஆனாலும் என் அனுபவம் என்னை மற்றப் பக்கமே சாய்க்கிறது. காரணத்தைச் சொல்கிறேன். ஓர் ஆண்டு என் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மூன்றே பேர். மூவருக்காகத் தனி வகுப்பு நடத்தப் பள்ளிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பதினொன்றையும் பன்னிரண்டையும் ஒரே அறையில் உட்கார வைத்து, கரும்பலகையின் நடுவே சுண்ணாம்புக் கோடு ஒன்று இழுத்து, இடது பக்கம் நியூட்டன் விதிகளும் வலது பக்கம் மின்காந்தமும் நடத்தினேன். பால்பண்ணை வீட்டுப் பையன் ஒருவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் நான் பேசும்போதெல்லாம் பேனாவை மூடிவைத்துக் காத்திருப்பான். உயர் கணிதம் படிக்க விரும்பிய பெண்ணுக்கு ஆசிரியரே இல்லை. தபாலிலும் தொலைபேசியிலும் படித்தாள். நான்கு சிறு பள்ளிகள் தனித்தனியாக நின்றால், மேல் வகுப்புகளில் இதுதான் நடக்கும். அவை ஒன்றானால் இயற்பியலுக்குப் பத்துப் பதினைந்து பேராவது சேர்வார்கள், அவர்களுக்கென ஓர் ஆசிரியரும் இருப்பார். மெல்பன் பிள்ளைக்குத் தானாகக் கிடைப்பது ஷெப்பர்டன் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் 1909-இல் ஊரார் நிலம் கொடுத்தார்கள். அந்த வகையில் 2020-இல் நடந்ததை நான் அதே முயற்சியின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன். இது என் தீர்ப்பு. இதே அனுபவமுள்ள வேறோர் ஆசிரியர் சிறு பள்ளியின் நெருக்கத்தைப் பெரிதாக மதித்து மாறாகச் சொல்லலாம், அவரும் பொய் சொல்லவில்லை. கட்டடம் ஒன்றானதும் பிள்ளைகளும் ஒன்றாகிவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. நான்கு பள்ளிகளின் பழக்கங்களும் பகைகளும் தீர ஒரு முழுத் தலைமுறை மாணவர்கள், அதாவது ஆறு ஆண்டுகளாவது ஆகும். ஆஸ்திரேலியாவில் உயர்நிலைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அரசு சாராப் பள்ளிகளில் படிக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். வசதியுள்ள குடும்பங்கள் விலகிப் போனால் எந்த அரசுப் பள்ளியும் சுமையோடுதான் ஓட வேண்டும்.

ஆகவே உங்கள் மகளைச் சேர்க்கும் முன் பள்ளியின் வயதை விசாரிக்காதீர்கள். பதினொன்று, பன்னிரண்டில் இந்த ஆண்டு எந்தெந்தப் பாடங்கள் உண்மையில் நடக்கின்றன, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று கேளுங்கள். கையேட்டில் அச்சிட்டிருக்கும் பாடம் எல்லாம் நடப்பதில்லை. அவள் சேரும் இல்லத்தின் பொறுப்பாசிரியரை நேரில் பார்த்துப் பேசுங்கள். நான்கு பழைய பள்ளிகளின் மதிப்புப் பலகைகள் எங்கே இருக்கின்றன என்றும் கேட்டுப் பாருங்கள். எந்த உட்பகுதிப் பள்ளியிலும் தங்க எழுத்தில் பெயர் பொறித்த அந்தப் பலகைகளை மேலிருந்து கீழே படித்தால், ஸ்காட்டிஷ், ஆங்கிலேயப் பெயர்களுக்குக் கீழே இத்தாலியப் பெயர்களும், அவற்றுக்குக் கீழே இன்னும் புதிய பெயர்களும் வரும். நம் பெயர்களும் இப்போது அங்கங்கே வரத் தொடங்கியிருக்கின்றன.

வீடு பார்ப்பது பற்றியும் ஒன்று. வாடகை கருதி மூரூப்னாவில் எடுத்தால், மகள் தினமும் பஸ்ஸில் ஆற்றைக் கடந்து பள்ளிக்கு வர வேண்டும். 2022 அக்டோபர் வெள்ளத்தில் இரண்டு ஊர்களையும் இணைக்கும் அந்தச் சாலையை மூடிவிட்டார்கள். மழை ஆண்டுகளில் அதற்குத் தயாராக இருங்கள். மற்ற நாட்களில் பத்து நிமிடப் பயணம்தான். இருபுறமும் சிவப்பு யூக்கலிப்டஸ் மரங்கள் நெருங்கி நிற்கும். ஃபிளாட்ஸ் இருந்த தாழ்நிலம் அந்தச் சாலையோரம்தான். முதல் நாள் நீங்களும் அவளோடு பஸ்ஸில் போங்கள், அந்த இடம் வரும்போது ஜேம்ஸ் ஆசிரியரைப் பற்றிச் சொல்லுங்கள்.